நான் பிடுங்கிய நாற்பத்திரண்டு மரங்கள்

எங்கள் காலனியில் எனக்கு மரம்பிடுங்கி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. படித்தவர்கள் நிறைந்த காலனி. எதிரே பார்த்தால் "சேச்சி, சுகம்தானே?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் வாட்சாப் குழுவில் அந்தப் பெயரைப் போடுவார்கள். குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டதால் எனக்குத் தெரியாது என்று நினைப்பு. என் தங்கையும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். ஒன்று விடாமல் காட்டிவிடுவாள்.

பெயரில் தப்பு ஒன்றும் இல்லை. பிடுங்கத்தான் செய்தேன். நாற்பத்திரண்டு கன்றுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்ல வெளிச்சத்தில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கப் பிடுங்கினேன். ஏன் பிடுங்கினேன் என்பதைத்தான் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டபிறகு திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும்.

முப்பத்தைந்து வருஷம் கட்டட வரைபடம் வரைந்து பிழைத்தவள் நான். அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி, மலையாளம் பேசும் இந்த நகரத்துக்கு, தம்பானூரில் ஒரு லாட்ஜ் வேலைக்கு வந்தவர். பெண் பிள்ளைக்குக் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று என்னை பாலிடெக்னிக்கில் சேர்த்தார். படித்து முடித்ததும் தம்பானூரிலேயே ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்தேன். முதலில் மேஜையும் டி-ஸ்கொயர் அளவுகோலும், பிறகு கம்ப்யூட்டர். மற்றவர்கள் கட்டப்போகும் வீட்டில் சமையலறை எந்தப் பக்கம், கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று முடிவு செய்வதிலேயே என் வயசு போனது. நான் வரைந்த கட்டடங்களில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. டிராஃப்ட்ஸ்மேனை யாரும் சைட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

அப்படி நான் பார்க்காமல் வரைந்த இடங்களில் ஒன்றுதான் இந்த மேடு. கரமனை ஆற்றைத் தாண்டிப் போனால், நகரம் இத்துடன் முடிந்துவிடுமோ என்று சந்தேகம் வரும் இடத்தில் இருக்கிறது. நாலு ஏக்கர் இருக்கும். செம்மண்ணும் சரளைக் கல்லும். நாலு பிளாக், பன்னிரண்டு மாடி என்று கட்டட முதலாளி வந்தார். எங்கள் ஆபீஸ் வரைந்தது. மேட்டைச் சுற்றித் தகரம் அடித்து மறைத்து, பில்லருக்குக் குழி தோண்டி, லிஃப்டுக்குக் குழி தோண்டி, கம்பி கட்டும்போது வழக்கு வந்துவிட்டது. அந்த நிலத்தில் பாதிக்குமேல் பொது மேய்ச்சல் நிலம் என்று தெரியவந்தது.

நான் ஓய்வுபெற்று, தங்கை இருந்த இந்தக் காலனிக்கே குடிவந்தபோது அந்த வழக்கு கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. மேட்டை ஒட்டிய காலனி. அதில் வீடுகள் எல்லாமே தகரம் அடித்த பிறகு வந்தவை. ஆகவே அந்தத் தகரத்துக்குப் பின்னால் முன்பு என்ன இருந்தது என்று எங்கள் காலனியில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கட்டடத்தை வரைந்தது என் கைதான் என்று நானும் சொல்லிக்கொள்ளவில்லை. வந்த இடத்தில் முதல் வாரமே எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

வழக்கை நடத்தியவர் காலனிச் சங்கத்தின் செயலாளர். வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்தவர். செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு கோப்பைக் கையில் எடுத்தால் அதன் முதுகெலும்பு வரை படிக்கிற மனுஷர். அவர் இல்லாவிட்டால் இன்று அந்த மேட்டில் பன்னிரண்டு மாடி நிற்கும். அவருக்கு நன்றி சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் எனக்கு வாய் அழுகிவிடும்.

நான் குடிவந்த சில மாதங்களில் சங்கத்தின் சார்பில் ஒரு இரங்கல் கூட்டம் நடந்தது. செத்தது ஆள் இல்லை, மரங்கள். கட்டட முதலாளி அந்த மேட்டில் நின்ற நாற்பத்திரண்டு மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டான் என்று கோர்ட்டில் கொடுத்த மனுவில் இருந்ததாம். தகரத்துக்கு முன்னால் நாற்பத்திரண்டு விளக்குகள் ஏற்றினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மரத்துக்கு ஒன்றாகக் கவிதை எழுதிக்கொண்டு வந்து வாசித்தார்கள். செயலாளர் பேச்சின் நடுவே அழுதுவிட்டார். நானும் ஒரு விளக்கு ஏற்றினேன். எந்தக் காகிதத்தை வைத்து எண்ணிக்கை சொல்கிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

பக்கத்தில் நின்றவள்தான் என் காதில் கேட்டாள், "ஏது மரம் அக்கா?" என்று.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டின் சரிவில், காலனிக்கு வெளியே, ஒரு வரிசை ஓட்டு வீடுகள் இருக்கின்றன. குழித்துறைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அங்கே வந்தவள். இரண்டு பசு வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்குப் பால் அவளுடையதுதான். தகரம் வருவதற்கு முன்னால் அந்த மேட்டில் புல்லறுத்த ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் அவள்தான். ஆனால் சங்கத்தில் அவள் உறுப்பினர் இல்லை. அதனால் அவளை யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் கேட்டதைக் காதில் வாங்காமல் நானும் விளக்கு அணைந்துவிடாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தீர்ப்பு வந்தது. கட்டடம் கூடாது, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், மாநகராட்சி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லாரிகள் வந்தன. குழி தோண்டியபோது எடுத்த மண்ணைச் சுற்றுமதில் ஓரமாகவே குவித்து வைத்திருந்தார்கள். அதையே திருப்பிக் கொட்டி நிரவினார்கள். அந்த மண்ணில் பழைய புல்லின் விதை இருந்திருக்கிறது. முதல் மழைக்குப் பச்சை தெரிந்தது. மூன்றாவது மழைக்கு, காற்றடித்தால் மேடு முழுக்க சாய்ந்து எழும் அளவுக்குப் புல் நின்றது. தகரத்தைக் கழற்றியபோது நான் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். என்னையறியாமல் கை தட்டினேன்.

புல் வந்த பின்னால் அதைத் தேடிப் பறவைகளும் வந்தன. முதலில் சில்லைகள், கூட்டம் கூட்டமாக, புல் கதிரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. பிறகு நெட்டைக்காலி, வாலை ஆட்டி ஆட்டி நடக்கிற சாம்பல் பழுப்புக் குருவி. மிச்சம் கிடந்த ஜல்லியை ஒரு இடத்தில் பரப்பி விட்டிருந்தார்கள். இரண்டாவது பிளாக்கின் லிஃப்ட் வரவேண்டிய இடம் அது. எனக்கு அளவோடு தெரியும். அங்கே ஒரு ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை போட்டு உட்கார்ந்தது. கூடும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் ஜல்லிக் கல்லின் நடுவே. முட்டை எது கல் எது என்று பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் தெரியும்.

மார்ச் மாதக் கடைசியில் வானம்பாடி வந்தது, இரண்டு ஜோடி. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். ஆண் குருவிக்கு வயிறு கறுப்பு. தரையிலிருந்து நேரே மேலே ஏறும். பார்க்கிற நமக்குக் கழுத்து வலிக்கும் உயரத்துக்குப் போய், இறக்கையை மூடிக்கொண்டு ஒரு சீழ்க்கையோடு தலைகீழாக விழும். செத்தது என்று நாம் நினைக்கும்போது ஒரு ஆள் உயரத்தில் இறக்கையை விரித்து மறுபடி மேலே போகும். ஒரு மணி நேரம் இதே வேலை. எனக்கு அறுபது வயசு ஆகப்போகிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொல்லும்போது எனக்கு மூச்சு வாங்கியது. இத்தனை சந்தோஷம் எனக்கு எந்தக் கட்டடத்தாலும் வந்ததில்லை.

பால்காரி தினமும் அங்கேதான் புல்லறுத்தாள். அவள் அறுக்கிற முறையே தனி. ஒரேயடியாக வழித்துக்கொண்டு போகமாட்டாள். முட்டை இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு முறம் அகலத்துக்குப் புல்லை விட்டுவிட்டு அறுப்பாள். அதற்கு அடையாளக் குச்சியெல்லாம் கிடையாது. குச்சி நட்டால் அதில் காக்கை வந்து உட்காரும், உட்கார்ந்தால் கீழே இருப்பது கண்ணில் படும் என்று சொன்னாள். எங்கெங்கே விட்டிருக்கிறோம் என்பது அவளுக்கு மனப்பாடம். அவள் அறுப்பதால்தான் புல் முழங்காலுக்கு மேல் வளராமல் இருந்தது. வளர்ந்திருந்தால் வானம்பாடி அங்கே இறங்கியிருக்காது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. மேடு சும்மா கிடக்கிறது, அதில் ஒரு அடர்வனம் வைத்துவிடலாம் என்று. தீர்ப்பே பழைய நிலைக்குக் கொண்டுவா என்றுதான் சொல்கிறது, பழைய நிலை என்றால் நாற்பத்திரண்டு மரம், முதலில் அந்த நாற்பத்திரண்டை நடுவோம், பிறகு இடைவெளியை நிரப்புவோம் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னார். சொல்லிவிட்டு ஆதாரமாக ஒரு பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார்.

ஒட்டியதும் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அது என் வரைபடம்.

அந்த மரங்களை எனக்கு நன்றாகத் தெரியும். சர்வே எடுத்தவர்கள் கொண்டுவந்த அளவில் அந்த மேட்டில் இருந்தது வடமூலையில் இரண்டு பனை மட்டும்தான். மற்றதெல்லாம் வெறும் காகிதம். எங்கள் முதலாளிக்கு வெறும் காகிதத்தைக் கண்டால் ஆகாது. கஸ்டமருக்குக் காட்டுகிற காகிதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பார். அதற்காக எல்லா ஆபீசிலும் கம்ப்யூட்டரில் ஒரு மரத்தை வரைந்து வைத்திருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு வட்டம், உள்ளே கிளைகள். தேவைப்படும் இடத்தில் அதைக் காப்பி எடுத்துக் காப்பி எடுத்துப் போட வேண்டியதுதான். அன்றைக்கு நான் நாற்பத்திரண்டு போட்டேன்.

மரம் போட்டது தப்பில்லை. ஊரில் எல்லோரும் போடுகிறார்கள். தப்பு எங்கே என்றால், கம்ப்யூட்டர் வரைபடம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. இப்போது இருப்பதெல்லாம் ஒரு தாளில், இனி வரப்போவதெல்லாம் இன்னொரு தாளில். அலங்கார மரங்களை வரப்போகும் தாளில் போட்டிருக்க வேண்டும். சாயங்காலம் அவசரத்தில் நான் இருக்கும் தாளில் போட்டுவிட்டேன். அச்சில் வந்தபோது ஓரத்தில் 'தற்போதுள்ள மரங்கள்' என்று தானாக விழுந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே கவனித்தேன். முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது. திரும்ப அச்செடுத்து, திரும்பக் கையெழுத்து வாங்கி, எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லி, யாருக்கு வேண்டும் அந்தத் தலைவலி. இரண்டு பனைக்குப் பதில் நாற்பத்திரண்டு மரம் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காகிதம்தான் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. அந்த மரங்களுக்குத்தான் நாங்கள் விளக்கு ஏற்றியிருக்கிறோம்.

கூட்டம் முடிந்ததும் செயலாளர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்துபோய் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க சொல்றது வாஸ்தவமாவே இருக்கட்டும். இப்போ அதைக் கிளறினா கேஸ் திரும்பப் பொங்கி வரும். அந்த பில்டர் காத்துண்டு இருக்கான். முதல்ல கோர்ட் படி ஏறப்போறது நீங்கதான். புரியறதோ?" என்றார். நாற்பத்திரண்டு மரம் நட்டால் யாருக்கும் கெடுதல் இல்லையே, இல்லாத மரத்தை இருக்கிற மரமாக ஆக்கிவிட்டால் பொய்யும் தீர்ந்துபோகுமே என்றும் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு பயமாகவும் இருந்தது. வானம்பாடியைப் பற்றிச் சொன்னேன். மரம் வந்தால் பறவை கூடத்தானே செய்யும் என்று சிரித்தார். எல்லாப் பறவையும் மரத்தில் இருக்கும் என்று நினைக்கிற கோடிப் பேரில் அவரும் ஒருவர். ஒரு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஜூன் மாதம் சுற்றுச்சூழல் தினத்தன்று நானும் மேட்டுக்குப் போனேன். கவுன்சிலர் வந்தார், பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், மைக் வந்தது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, டேப் பிடித்து, நான் காப்பி எடுத்துப் போட்ட ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு குழி. நாவல், வேங்கை, இலஞ்சி, புங்கம். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஆள் உயர மூங்கில் கம்பு ஊன்றிக் கட்டினார்கள். ஏழாவது கன்றை என் கையில் கொடுத்தார்கள். நட்டேன். போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் போட்டோவை இப்போதும் யாராவது குழுவில் போட்டு, அன்றைக்கு நட்டவள்தான் இவள் என்று எழுதுவார்கள். எழுதட்டும்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகப் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் பால்காரி பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள். முந்தானையை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். முட்டை ஓடுகள். சில பெரியவை, சில சுண்டுவிரல் நகம் அளவு.

"கம்புக்கு ஒண்ணா காக்கா வந்து இருக்குக்கா. தள்ள எந்திச்சு இரை எடுக்கப் போனா இது எறங்கிக் கொத்தீருது. அறுவாளோட நான் எவ்வளவு நேரந்தான் காவல் நிக்க?" என்றாள். தள்ள என்றால் தாய்ப்பறவை. ஆள்காட்டி போய்விட்டதாம். வானம்பாடி இரண்டு ஜோடியில் ஒரு ஜோடியைக் காணோமாம். மிச்சமிருக்கிற ஒன்று கிழக்கு ஓரத்தில் முட்டை போட்டிருக்கிறது, அது எத்தனை நாளைக்கோ என்றாள். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "நீங்களும்தான நட்டிய?" என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. சந்தேகம் கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுக்கு முன்னால் நிற்க முடியாமல் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு முழுக்க யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். என் முதலாளிமேல், செயலாளர்மேல், காக்கைமேல். கடைசியில் எல்லாம் சுற்றி என்மேலேயே வந்து நின்றது. தங்கை சாப்பிடக் கூப்பிட்டதற்கு அவள்மேல் வள்ளென்று விழுந்தேன்.

மறுநாள் ஞாயிறு. மழை விட்டிருந்தது. மண்வெட்டியும் இரண்டு அன்னக்கூடையும் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குப் போனேன். முதலில் கம்புகளைப் பிடுங்கினேன். பிறகு ஒவ்வொரு கன்றையும் வேர் அறாமல் மண்ணோடு அள்ளினேன். கன்றுமேல் எனக்கு என்ன விரோதம். நடக்க வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் போன் எடுத்துப் படம் பிடித்தார். "என்ன சேச்சி, இடம் மாற்றுகிறீர்களா?" என்று கேட்டவரிடம் ஆமாம் என்றேன். பாதியில் பால்காரி வந்து, அன்னக்கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். பதினொன்றரை மணிக்கு நாற்பத்திரண்டையும் சங்க ஆபீசின் வராந்தாவில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தேன். இடுப்பு ஒரு வாரம் என் பேச்சைக் கேட்கவில்லை.

சாயங்காலமே அவசரக் கூட்டம். ஐம்பது பேருக்குமேல் இருப்பார்கள். சங்கக் கூட்டத்துக்கு அத்தனை கூட்டம் நான் பார்த்ததில்லை. செயலாளர் என்னைப் பார்க்கவே இல்லை. போலீசில் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று ஒருவர், மனநிலை சரியில்லை போலிருக்கிறது என்று இன்னொருவர். இந்த ஊரில் ஆற்றில் குப்பை கொட்டினால்கூட மன்னித்துவிடுவார்கள். சுற்றுச்சூழல் தினத்தில் நட்ட கன்றைப் பிடுங்கினால் மன்னிப்பு கிடையாது.

எழுந்து நின்றேன். மலையாளத்தில்தான் ஆரம்பித்தேன். கோபம் வந்ததும் தமிழுக்கு வந்துவிட்டேன். "அந்தப் பேப்பர்ல இருக்கிற மரமெல்லாம் நான் வச்சது. மண்ணுல இல்ல, கம்ப்யூட்டர்ல. பில்டர் ஆபீசுக்கு அத வரஞ்சு கொடுத்தது நான்தான். நம்பலைன்னா போய்ப் பாருங்க. நாப்பத்திரண்டு மரத்துக்கும் ஒரே வட்டம், ஒரே கிளை, ஒரே பக்கம் வளைஞ்ச ஒரே கொம்பு. ஊருல எங்கயாவது அப்படி நாப்பத்திரண்டு மரம் பாத்திருக்கீங்களா?"

இரண்டு பேர் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார்கள். பிறகு நாலு பேர். யாரோ ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தோடு முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. அங்கே இருந்தது புல்லும் இரண்டு பனையும்தான், வேண்டுமானால் சரிவில் இருக்கும் வீடுகளில் போய்க் கேளுங்கள், இத்தனை வருஷத்தில் நம்மில் ஒருவர்கூட அவர்களைக் கேட்கவில்லை என்றேன். மரம் வேண்டுமானால் நம் வீட்டு வாசலில் வைப்போம், ரோட்டோரம் வைப்போம், என் வீட்டு முற்றத்தில் இரண்டு வைக்கிறேன், அந்த மேட்டில் ஒன்றுகூட விடமாட்டேன், நட்டால் திரும்பப் பிடுங்குவேன் என்றேன்.

செயலாளர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "அப்போ நாங்க விளக்கேத்தி அழுதது யாருக்காக?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அவமானம்தான் இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைத் தலைகுனிய வைத்ததற்கு மட்டும் நான் வருத்தப்படுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் சுருக்கம். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். திரும்ப நட்டுத் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். எழுதித் தரமாட்டேன் என்றேன். வேண்டுமானால் உட்காரவையுங்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை பார்த்துவிட்டு அவர்களே போகச் சொல்லிவிட்டார்கள். சங்கம் வக்கீலிடம் போனது. அவர் தீர்ப்பைப் படித்துவிட்டு, இது மேய்ச்சல் நிலத்துப் பதிவேட்டின்மேல் நிற்கிற தீர்ப்பு, மரம் இதில் ஒரே ஒரு வரிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றாராம். ஆனால் கோப்பில் தப்பான வரைபடம் இருக்கக்கூடாது, வரைந்தவரே எழுத்தில் கொடுத்தால் மாநகராட்சி திருத்திக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். செய்தி என்னிடம் வந்தது தங்கை வழியாக. எழுதிக்கொடுத்தால் என் பேரில் விசாரணை வரலாம் என்பதையும் அவளே சேர்த்துச் சொன்னாள். பென்ஷன்கூட இல்லாத தனியார் ஆபீஸ் டிராஃப்ட்ஸ்மேனிடம் எதைப் பிடுங்கப்போகிறார்கள் என்றேன்.

பழைய ஆபீசிலிருந்து அந்த வரைபடத்தின் பைலை வாங்கிவந்து, தங்கை கணவரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மறுபடி வரைந்தேன். நாற்பத்திரண்டு மரத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்தேன். ஒரே அமுக்கில் அழித்திருக்கலாம். ஒவ்வொன்றாக அழிக்கத்தான் தோன்றியது. இரண்டு பனையை விட்டேன். இப்போது என்ன இருக்கிறதோ அது இந்தத் தாளில்தான் வரவேண்டும் என்று பால்காரியைக் கூட்டிக்கொண்டு மேடு முழுக்க நடந்து, அவள் புல் விட்டு அறுத்த இடங்களை டேப் வைத்து அளந்து குறித்தேன். கீழே, மாலை அவசரத்தில் நான் செய்த தப்பையும் மறுநாள் தெரிந்தும் திருத்தாமல் விட்டதையும் நாலு வரியில் எழுதி, என் பெயரைப் போட்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்ட முதல் வரைபடம் அது.

மாநகராட்சி ஆபீசில் எஞ்சினியர் பையனுக்கு என் மகன் இருந்தால் அவன் வயசு இருக்கும். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நிலத்தின் பயன்பாடு என்ற இடத்தில் காலி நிலம் என்றுதான் போட வேண்டும், 'புல்வெளி, பறவைகள் முட்டையிடும் இடம்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அப்படி ஒரு வகை எங்கள் பட்டியலில் கிடையாது என்றான். காலி என்று எழுதிய ஒரே காரணத்தால்தான் முதலில் கட்டடம் வந்தது, பிறகு மரம் வந்தது, நாளைக்கு யாராவது கார் நிறுத்த வருவார்கள் என்றேன். மாற்றித் தரமாட்டேன் என்றும் சொன்னேன். அவன் பெரியவர்களைக் கேட்க உள்ளே போனான். இரண்டு மணி நேரம் கழித்து வந்து, அந்த வரியைத் தொடாமல் சீல் வைத்தான்.

செயலாளர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அது அவர் உரிமை. அந்த நாற்பத்திரண்டு கன்றையும் காலனி ரோட்டின் இரண்டு பக்கமும் அவரே நின்று நடவைத்தார். சாயங்காலம் வாளியோடு போய்த் தண்ணீர் ஊற்றுகிறார். இரண்டு பட்டுவிட்டன, நாற்பது நிற்கின்றன. இந்த ஜூன் மாதம் மேட்டுக்கு மைக் வரவில்லை.

விசாரணைக்கு வரச்சொல்லி எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. போவேன். கேட்டால் அதையேதான் சொல்வேன். அந்தக் கோப்பு இருக்கும்வரை அதில் நான் பொய் வரைந்தவள்தான். இருந்துவிட்டுப் போகிறேன். மேட்டின் கிழக்கு ஓரத்தில் வானம்பாடிக்கு இந்த வருஷம் மூன்று குஞ்சு.